சிரித்துச் சொன்ன வாக்கு

பிப்ரவரி 9

சின்னவனே,

அக்கா எழுதுகிறேன். நானும் என் இடது முட்டியும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறோம். உனக்குச் சளி விட்டதா? உன் மனைவி, நம் டீச்சர், எப்படி இருக்கிறாள்? போனில் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா, வெச்சிடட்டுமா" என்பாய். உன் வாயிலிருந்து நாலு வார்த்தை வாங்குவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடுகிறது. அதனால்தான் கடிதத்துக்கு வந்துவிட்டேன்.

நேற்று எங்கள் சட்டமன்றத்தில் உங்கள் ஊர்க் கழிமுகப் படகைப் பற்றிப் பேச்சு வந்தது. கேள்வி நேரத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, அந்தப் படகு கிழடுதட்டிவிட்டது, ஜனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கரைக்குப் போகிறார்கள், எப்போது மாற்றப் போகிறீர்கள் என்று கேட்டார். உங்கள் துறை அமைச்சருக்கு நேற்று நல்ல மூட். "படகு நல்லாத்தான் இருக்கு. சந்தேகமா இருந்தா சொல்லுங்க, நானே என் குடும்பத்தோட ஏறி அக்கரைக்குப் போய்க் காட்டுறேன்" என்றார். அவையே சிரித்தது.

என் வேலை என்னவென்று நீ ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை, கேள். முந்தைய நாள் அவையில் பேசியதெல்லாம் தட்டச்சாகிக் காலையில் என் மேசைக்கு வரும். அமைச்சர்கள் எங்கெல்லாம் செய்கிறேன், பார்க்கிறேன், ஆவன செய்யப்படும் என்று சொல்கிறார்களோ அங்கெல்லாம் பென்சிலால் அடிக்கோடு போடுவேன். அந்த வரிகள் உறுதிமொழிக் குழுவுக்குப் போகும். எல்லாக் கட்சி உறுப்பினர்களும் இருக்கிற குழு அது. சொன்னதைச் செய்து முடிக்கிறவரை அந்த வரி பட்டியலில் இருக்கும். நாற்காலியில் ஆள் மாறினாலும் இருக்கும். குழு சம்மதிக்காமல் எந்த அமைச்சராலும் தன் வாயிலிருந்து விழுந்த சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. பஸ்ஸில் நசுங்கி வேலைக்கு வருகிற ஒருத்தியின் பென்சிலுக்கு இவ்வளவு பெரிய காரியத்தில் பங்கு இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

"போய்க் காட்டுறேன்" என்ற இடத்திலும் போட்டேன். எங்கள் பிரிவு அலுவலர், நாங்கள் தராசு என்று சொல்வோமே அவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பக்கத்துலயே அடைப்புக்குறிக்குள்ள சிரிப்புன்னு இருக்கேம்மா" என்றார். "அது அவையோட சிரிப்பு சார். வாக்கு அமைச்சரோடது" என்றேன். தாடையைத் தடவிக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்தப் படகுக்கு நீதானே பொறியாளர். உண்மையில் அது எப்படி இருக்கிறது?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

*

பிப்ரவரி 21

அக்காவுக்கு,

சளி போய் இருமல் வந்திருக்கிறது, பதவி உயர்வு. உன் முட்டியைக் குளிர்ந்த தரையில் மடக்காதே, சொன்னால் கேட்க மாட்டாய்.

உன் கடிதத்தை டீச்சர்தான் முதலில் பிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். அமைச்சரே வந்தாலும் ஜன்னலோர இருக்கையைத் தான் தரப்போவதில்லை என்கிறாள். அவள் பள்ளிக்கூடம் அக்கரையில். பாலத்தைச் சுற்றி ரோட்டில் போனால் இரண்டு மணி நேரம் போய்விடும். அதனால் தினமும் படகுதான். படகோட்டி, மீன்காரிகள், பிள்ளைகள் எல்லோரும் அவளுக்குச் சிநேகம். காலையில் அவள் கையசைத்துவிட்டு ஏறுவாள், நான் அலுவலகத்துக்குத் திரும்புவேன்.

எங்கள் மேலதிகாரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தலைநகரிலிருந்து தாள் வந்துவிட்டது, விளக்கம் கேட்டு. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை அங்கே கத்துகிறது, நாங்கள் இங்கே கெடுகிறோம்.

படகு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். ஓடுகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.
தம்பி

*

மார்ச் 14

சின்னவனே,

இருமலுக்கு டாக்டரிடம் போனாயா, இல்லை அதற்கும் தலைநகரிலிருந்து தாள் வர வேண்டுமா? நான் நன்றாக இருக்கிறேன்.

உங்கள் துறை எங்கள் குழுவுக்குப் பதில் அனுப்பியிருந்தது. அமைச்சர் சொன்னது நகைச்சுவை, ஆகவே அதை உறுதிமொழியாகக் கொள்ளாமல் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று. குழுவில் இதைப் பற்றி விவாதம். கோப்புகளை எடுத்துக்கொடுக்க நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர், இப்படிப் பார்த்தால் ஓர் அமைச்சர் வாய்விட்டுச் சிரிக்கக்கூட முடியாதே என்று கேட்டார். நியாயமான கேள்விதான், எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

குழுத் தலைவர் அம்மாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அரசியலுக்கு வருமுன் தையற்கடை வைத்திருந்தவர். குரல் எழும்பாது, பக்கத்தில் இருப்பவருக்கே காதைத் தீட்ட வேண்டும். எல்லோரும் பேசி முடிக்கட்டும் என்று இருந்துவிட்டுச் சொன்னார்: "அவையில நாமெல்லாம் சிரிச்சோம், சரி. படகுல ஏறுறவங்க யாரும் சிரிக்கலையே."

அவ்வளவுதான். அந்த ஆளும் கட்சி உறுப்பினரே, பட்டியலில் இருக்கட்டும் என்றார். அந்த வரியை இனி அமைச்சர் செய்து முடிக்க வேண்டும், இல்லை முடியாததற்குக் காரணம் சொல்ல வேண்டும். அதிகாரம் என்றால் மேசையைத் தட்டுவது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். ஓடுவதும் நன்றாக இருப்பதும் ஒன்றா? இரண்டாவது தடவை கேட்கிறேன்.

டீச்சருக்கு என் அன்பு.
அக்கா

*

ஏப்ரல் 3

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு அனைவரும் நலம்.

கழிமுகப் பயணிகள் படகு நல்ல நிலையில் உள்ளது. மாண்புமிகு அமைச்சர் அவர்கள் அவையில் கூறியது முற்றிலும் நகைச்சுவை நோக்கில் கூறப்பட்டதாகும். மேற்படி வரி பட்டியலில் நீடிப்பதால் தேவையற்ற சங்கடங்கள் எழுகின்றன. அவ்வரியைப் பட்டியலிலிருந்து நீக்கத் தங்கள் அளவில் இயன்றதைச் செய்தால் எங்கள் அலுவலகம் என்றும் நன்றியுடையதாக இருக்கும். என் எதிர்காலத்துக்கும் அது நல்லது.

தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி

*

ஏப்ரல் 10

சின்னவனே,

பதிலுக்கு நானும் "தம்பி அவர்களுக்கு" என்று ஆரம்பிக்கப் பார்த்தேன். மனசு வரவில்லை.

உன்னைத் தொட்டிலில் ஆட்டியவள் நான். "தாங்கள்" என்ற வார்த்தை உன் வாயில் நுழையாது என்று எனக்குத் தெரியும். யார் நின்று எழுதவைத்தார்கள் என்று கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைத் தராசு சாரிடம் கொடுத்துவிட்டேன். பட்டியலிலிருந்து எதையாவது எடுக்கச் சொல்லி யார் கேட்டாலும், பெற்ற தாயே கேட்டாலும், அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். அவர் இரண்டு முறை படித்தார். "உங்க தம்பியாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் கோபிக்கவில்லை. கடிதத்தைத் தலைவர் அம்மாவுக்கு அனுப்பினார், இந்தக் கோப்பு இனி என் மேசைக்கு வராது என்றார்.

இதனால் உனக்கு என்ன வரும் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. கொடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் இறங்கியிருக்காது.

இனி அதைப் பற்றி நான் கேட்கவும் கூடாது, நீ சொல்லவும் கூடாது. மழையைப் பற்றி எழுது, சாப்பாட்டைப் பற்றி எழுது. ஏதாவது எழுது.

அக்கா

*

ஜூன் 2

சின்னவனே,

முட்டிக்கு ஊசி போட்டார்கள். பரவாயில்லை. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாய் வாங்கியிருக்கிறார், அது அவரைத் தவிர எல்லோரிடமும் நன்றியாக இருக்கிறது.

தபால்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் தானாகவே தலையாட்டிவிட்டுப் போகிறார். நீ கோபமாக இருக்கலாம். இருந்துகொள். கோபமாக இருப்பதையாவது ஒரு வரி எழுதிப் போடு.

வேறு ஒன்றுமில்லை.
அக்கா

*

ஜூலை 5

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? இவர் எழுதாவிட்டால் என்ன, நான் எழுதுகிறேன். சாப்பிடுகிறார், தூங்குகிறார், ஆபீஸ் போகிறார். பேச்சு மட்டும்தான் குறைந்துபோயிற்று. உங்கள் இருவருக்கும் நடுவில் என்னவோ என்று தெரிகிறது. கேட்டேன். "அவங்க மேல தப்பில்லை" என்றார், அதோடு வாயை மூடிக்கொண்டார்.

இங்கே ஒரே அமர்க்களம். அமைச்சர் வரப்போகிறாரென்று படகுக்கு நீலப் பெயின்ட் அடித்து, இருக்கைகளுக்குப் புது உறை போட்டிருக்கிறார்கள். காலையில் ஏறினால் கல்யாண வீட்டுக்குள் போவது போல இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானும் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போகிறேன். படகுக்கு நான் மேட்சாக இருக்க வேண்டாமா?

போன வாரம் ஆபீசில் இவரை ஏதோ எழுதித் தரச் சொன்னார்களாம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எழுதினார். ஒரு தாளைக்கூடக் கிழித்துப் போடவில்லை. முடித்துவிட்டு ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டாம் தடவை சோறு கேட்டார். மறுநாள் படகுத்துறைக்கு என்னோடு வந்தவர் வழக்கம்போல் உடனே திரும்பாமல், நான் அக்கரை சேருகிறவரை நின்றுகொண்டிருந்தார். வயசான காலத்தில் இப்படி ஒரு பாசமா என்று மீன்காரிகள் என்னைக் கேலி செய்து தீர்த்துவிட்டார்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். நேரம் கிடைத்தால் வந்துவிட்டுப் போங்கள்.

டீச்சர்

*

ஆகஸ்ட் 25

அக்கா,

இருமல் இல்லை. கோபமும் இல்லை. ஏப்ரலில் இருந்தது, மறைப்பானேன். சொந்த அக்காவே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தேன்.

குழுவின் அறிக்கையை அவையில் வைத்துவிட்டார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். இனி எழுதலாம் அல்லவா? நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் படகின் அடித்தகடு போய்விட்டது, கரையேற்றிப் பார்க்க வேண்டும் என்று நான் மூன்று முறை மேலே எழுதியிருக்கிறேன். மூன்று முறையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடுத்த வருடம் பார்க்கலாம், பீதியைக் கிளப்பாதே என்றார்கள். இந்த ஜூனில் அமைச்சரின் பயணத்துக்குப் பாதுகாப்பு அறிக்கை கேட்டு ஆள் வந்ததும் மேலதிகாரி பயந்துபோய் என்னைக் கூப்பிட்டு, படகு பயணத்துக்குத் தகுதியில்லை என்று எழுதச் சொன்னார். காது கேட்டது சரிதானா என்று திரும்பக் கேட்டேன். "நல்லா அழுத்தி எழுதுப்பா. அப்பத்தான் அமைச்சர் வர முடியாதுன்னு குழுவுக்குச் சொல்லிட்டு இந்தப் பஞ்சாயத்தை முடிக்கலாம்" என்றார். எந்த வரிக்காகத் திட்டு வாங்கினேனோ அதே வரியை அவரே கேட்டார். அழுத்தித்தான் எழுதினேன், ஒரு துரு விடாமல். அவர்களே அதைக் கவரில் போட்டு, ஒட்டி, குழுவுக்கு அனுப்பினார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன்.

பிறகு என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அந்தக் கூடத்தை நீ தினமும் பார்க்கிறாய். நான் அன்றைக்குத்தான் முதல்முறை உள்ளே போனேன். எங்கள் துறைச் செயலர், எங்களுக்கெல்லாம் சிம்மசொப்பனம், அங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் அறிக்கையை வாசித்து, பாதுகாப்புக் காரணங்களால் அமைச்சர் பயணம் செய்ய இயலாது என்றார். தலைவர் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அமைச்சர் ஏறக் கூடாத படகுல, யார் ஏறலாம்?"

செயலர் தண்ணீர் குடித்தார். மேலதிகாரி தரையைப் பார்த்தார். அவ்வளவு பெரிய மனிதர்களிடம் பதில் இல்லாததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை அக்கா. அந்த அம்மா முகத்தில் ஜெயித்த களையே இல்லை. வருத்தமாகத்தான் இருந்தார்.

அப்புறம் என்னிடம் திரும்பி, ஏப்ரல் கடிதம் நீங்கள் எழுதியதா என்றார். கையெழுத்து என்னுடையது, வாசகம் என்னுடையதில்லை என்றேன். இங்கே சொல்கிற எதற்காகவும் யாரும் உங்களைத் தண்டிக்க முடியாது, பயப்படாமல் பேசுங்கள் என்றார். பேசினேன். பேசும்போது முதுகெலும்பு நிமிர்வதை என்னால் உணர முடிந்தது. ஓர் அரசாங்கத்தையே கேள்வி கேட்கிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

திரும்பும்போது மாடிப்படியில் உன்னைப் பார்த்தேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனாய். நீ செய்தது சரி என்று தெரிந்தது. ஆனாலும் வலித்தது.

முட்டியோடு ஏன் மாடிப்படி ஏறுகிறாய்? லிஃப்டில் போ.

தம்பி

*

செப்டம்பர் 12

சின்னவனே,

அன்றைக்குச் சுவரில் ஒன்றுமே இல்லை. அழாமல் இருக்கத்தான் பார்த்தேன். லிஃப்டில் உங்கள் செயலர் இருந்தார், அதனால்தான் படி.

நேற்று அமைச்சர் அவையில் அறிக்கை கொடுத்தார். ஊழியர்களுக்கான மாடத்தில் நின்று பார்த்தேன். கையில் எழுதிவைத்த தாள் இருந்தது. இரண்டு வரி படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் பேசியதை அப்படியே தருகிறேன், குழு அறிக்கை வைத்தாகிவிட்டதால் தராசு சார் இன்று காலை அதை மறுபடி என் மேசைக்கே அனுப்பினார்.

"அன்னைக்கு நான் விளையாட்டாச் சொன்னேன். அந்தப் படகுல என் குடும்பத்தை ஏத்த இன்னைக்கு நான் தயாரா இல்லை. அப்படின்னா வேற யார் குடும்பத்தையும் ஏத்த எனக்கு உரிமை இல்லை. இன்னையோட அந்தப் படகு நிக்குது. புதுசு வாங்குறோம். கேட்டும் கேக்காம இருந்தது எங்க துறை. அதுக்குப் பொறுப்பு நான்."

யாரும் மேசையைத் தட்டவில்லை. நம்மை ஆள்கிறவர்கள் நம் முன்னால் தலைகுனிந்து நிற்கும்போது பாவமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். முட்டி வலியில் அல்ல.

கடைசியில் அமைச்சர் தலைவர் அம்மா பக்கம் திரும்பி, தன்னை அந்த வாக்கிலிருந்து விடுவிக்கும்படி கேட்டார். "புதுப் படகு வரட்டும். குடும்பத்தோட ஏறிட்டு வந்து கேளுங்க" என்றார் அந்த அம்மா. அப்போதுதான் அவை சிரித்தது.

நேற்றைய அறிக்கையிலும் அடிக்கோடு போட்டேன். தராசு சார் ஒன்றும் சொல்லாமல் பென்சிலைச் சீவிக் கொடுத்தார்.

டீச்சர் எப்படி இருக்கிறாள்? எழுது.
அக்கா

*

அக்டோபர் 20

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். இங்கே என் பெயர் நாறிக்கிடக்கிறது. படகு நின்றதும் ஊர் முழுக்க என்னைத்தான் கைகாட்டுகிறது. ஓடிக்கொண்டிருந்ததை இவன்தான் கெடுத்தான், இவன் வீட்டுக்கு மட்டும் ஜீப் இருக்கிறது என்கிறார்கள். ஜீப் ஆபீசுடையது, டீச்சர் அதில் ஏறியதே இல்லை. இருள் பிரியுமுன் கிளம்பிப் பாலத்தைச் சுற்றி பஸ்ஸில் போகிறாள். மீன்காரி ஒருத்தி படகுத்துறையில் என் காலடியில் துப்பினாள். அவள் மீன் வெயிலில் நாறிப்போனது, அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

போன வாரம் படகைச் சாய்தளத்தில் இழுத்துக் கரையேற்றினார்கள். வேடிக்கை பார்க்க ஊரே திரண்டிருந்தது. என்னைத் திட்டத்தான் வந்திருந்தார்கள். நீலப் பெயின்ட் வெயிலில் மினுமினுத்தது. ஃபிட்டர் அடியில் போய்த் தகட்டைச் சுரண்டினார். பிறகு சுத்தியலை எடுக்கவில்லை, கட்டை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. இன்னோர் இடம், அங்கும் போயிற்று. தகடு என்று அங்கே ஒன்றுமில்லை. பெயின்டும் துருவும்தான் இத்தனை நாள் தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்தன.

துப்பிய அந்த மீன்காரி வந்து பார்த்தாள், அவள் மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். படகோட்டி உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

டீச்சரும் வந்தாள். பார்த்தாள். வீட்டுக்குப் போய்விட்டாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி

*

நவம்பர் 1

சின்னவனே,

நான் சௌக்கியம். அந்த விரல் உள்ளே போன இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து நடந்தேன்.

உங்கள் மேலதிகாரியிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அதை விடு. நான் கேட்பது வேறு. அடுத்தவர்கள் சொல்லாமல் விட்டதைத் தேடுவதுதான் எனக்குப் பிழைப்பு, உனக்குத் தெரியும். "பார்த்தாள். வீட்டுக்குப் போய்விட்டாள்." இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் உன்னை ஒன்றும் கேட்கவில்லையா? மூன்று முறை மேலே எழுதினாய். அவளிடம் ஒரு முறை சொன்னாயா?

ஜூலையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு அந்தப் படகில் போவதாக எனக்கு எழுதியிருந்தாள்.

பதில் எழுது.
அக்கா

*

ஜனவரி 17

அக்கா,

பதில் சொல்ல இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மன்னித்துக்கொள். முட்டி தேவலாமா?

முதலில் நல்ல செய்தி. புதுப் படகு வந்துவிட்டது. அமைச்சர் சொன்னபடி மனைவி மக்களோடு வந்தார். பாதி வழியில் அவர் மனைவிக்குக் குமட்டிவிட்டது, டீச்சர்தான் எலுமிச்சம்பழம் கொடுத்தாள். அமைச்சர் அக்கரையில் இறங்கி, "போய்க் காட்டிட்டேன்" என்றார். இனி உங்கள் பட்டியலில் ஒரு வரி குறையும்.

இப்போது நீ கேட்டது. அவள் கேட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, "இது உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். நான் மூன்று முறை எழுதியதை, தலைமை அலுவலகம் தட்டிக் கழித்ததை எல்லாம் ஆரம்பித்தேன். "நான் அதைக் கேக்கலை. தெரியுமா, தெரியாதா?" என்றாள். தெரியும் என்றேன். எவ்வளவு நாளாக என்றாள். இரண்டு வருடமாக என்றேன்.

"ரெண்டு வருஷமா எனக்குக் கையசைச்சு அனுப்புனீங்க."

உங்கள் கூடத்தில்கூட எனக்கு அப்படி வியர்க்கவில்லை. சொன்னால் பயந்துவிடுவாய், வேலையை விட்டுவிடுவாய், எப்படியும் சரிசெய்துவிடுவார்கள் என்று நினைத்தேன் என்றேன். சொல்லும்போதே, பீதியைக் கிளப்பாதே என்று மேலதிகாரி சொன்னது என் வாயிலிருந்து வருவதாகத் தோன்றியது. நிறுத்திக்கொண்டேன். தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சோறு போட்டாள், துணி மடித்தாள், பள்ளிக்குப் போனாள், பேசவில்லை. இரண்டரை மாதம். பெரிய பெரிய அரசாங்கத்தையெல்லாம் ஏன் ஒரு கேள்வி இப்படிப் புரட்டிப்போடுகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேட்கிறவருக்குக் கேட்கிற உரிமை இருக்கிறது. அவ்வளவுதான்.

புதுப் படகு வந்த அன்று காலை அவளாகவே வாயைத் திறந்தாள். "இனிமே எதுவா இருந்தாலும் முதல்ல இங்க சொல்லுங்க. அப்புறம் ஆபீசுக்கு எழுதுங்க" என்றாள். சரி என்றேன். "சரின்னா?" என்றாள். சொல்கிறேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் படகில் ஏறினாள்.

நேற்று மாலை புதுப் படகின் இயந்திரத்தில் ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். பிறகு ஆபீசுக்கு எழுதினேன். இன்று காலை டீச்சர் பஸ்ஸில் போனாள். நான் படகுத்துறைக்குப் போய்ப் படகை நிறுத்திவைத்து, அங்கே நின்றவர்கள் ஒவ்வொருவரிடமும் காரணத்தைச் சொன்னேன். அந்த மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு, எப்போது சரியாகும் என்று கேட்டாள். தெரியாது, தெரிந்ததும் நானே வந்து சொல்கிறேன் என்றேன்.

அவள் அங்கேயே உட்கார்ந்து காத்திருக்கிறாள். ஃபிட்டர் இப்போதுதான் நேரம் சொன்னார், போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

தம்பி